நீலம் மஞ்சளாகும் அந்த ஒரு சொட்டு! செடித்தொட்டித் தண்ணீரைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

உலகமெங்கும் மீன்தொட்டி ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கும் ஒரு நீர்ச்செடி, அந்தமானின் சொந்தச் செடி என்பது தெரியுமா? பெயர் பார்க்ளயா லாங்கிஃபோலியா. கடைகளில் 'ஆர்க்கிட் லில்லி' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆர்க்கிட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது அல்லிக் குடும்பத்துப் பிள்ளை. விளிம்பெல்லாம் அலையலையாய் மடிந்த நீள இலை. மேலே பச்சை, திருப்பினால் கருஞ்சிவப்பு! 1827இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர், கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்த நதானியேல் வாலிச். அந்தமான், மியான்மர், தாய்லாந்து என்று காட்டு ஓடைகளின் நிழலில் வளரும் இந்தச் செடி, பூவைத் திறக்காமலே, தண்ணீருக்கு அடியிலேயே, தன் மகரந்தத்தைத் தானே ஏற்று விதையும் வைத்துவிடும்!

இப்படிப்பட்ட செடியை ஒரு வீட்டுத் தொட்டியில் நட்டால் தளதளவென்று தழைக்கிறது. அடுத்த தெருவில் அதே கடைச் செடி, அதே விளக்கு, அதே உரம். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கரைந்து கூழாகிவிடுகிறது. வித்தியாசம் தண்ணீரில்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வாயில் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. அதைச் சொல்லத்தான் டெஸ்ட் கிட். அந்த கிட்டின் ஒவ்வொரு குட்டிப் புட்டிக்குள்ளும் எத்தனை ஆச்சரியம் அடைத்து வைத்திருக்கிறது தெரியுமா? ஒவ்வொன்றாய்த் திறப்போம்!

ஒரே தீவில் எத்தனை தண்ணீர்!

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு! தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் இங்கே கொட்டித் தீர்க்கின்றன. மழைத்தண்ணீரில் கால்சியமும் கிடையாது, மக்னீசியமும் கிடையாது. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு விழுவதால் சுத்தமான மழைத்துளியின் பி.எச். சுமார் 5.6. மழையே ஒரு லேசான அமிலம், தெரியுமா!

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் பெரும்பாலும் குடிப்பது தனிக்காரி அணைத் தண்ணீரை. அதுவும் காட்டில் பெய்து சேர்ந்த மழைதான். ஆனால் அதே தீவுக்கூட்டத்தில் பாரதாங் பக்கம் போங்கள், சுண்ணாம்புக் குகைகள் நிற்கின்றன! சுண்ணாம்புப் பாறையிலும் பழைய பவளத் திட்டிலும் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர், வழியெல்லாம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் அள்ளிக்கொண்டு வரும். கடலை ஒட்டிய கிணறு என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தீவுகளில் எத்தனையோ கிணறுகள் உப்பேறிப் போனதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர், மற்ற நாளில் குழாய்த் தண்ணீர், கோடையில் குழாய் வறண்டால் கிணறோ லாரியோ. ஒரே வருடத்தில் ஒரே தொட்டி மூன்று விதத் தண்ணீரைக் குடிக்கிறது!

அதனால்தான் சொல்கிறேன், தீவில் இருப்பவர் முதலில் அளக்க வேண்டியது அம்மோனியாவை அல்ல, கே.எச்., ஜி.எச். இரண்டையும். ஜி.எச். என்றால் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தின் மொத்த அளவு. நாம் 'உப்புத்தண்ணி, சோப்பு நுரைக்காது' என்போமே, அதைச் சொல்லும் எண். கே.எச். என்றால் அமிலம் சேர்ந்தாலும் பி.எச். சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும் சக்தி. பளபளவென்று பெட்டியில் வரும் புகழ்பெற்ற ஏ.பி.ஐ. ஃபிரெஷ்வாட்டர் மாஸ்டர் கிட்டில் இந்த இரண்டும் கிடையாது! அதில் இருப்பவை பி.எச்., உயர் பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். கே.எச்.-ஜி.எச். புட்டிகளைத் தனியாக வாங்க வேண்டும். 'மாஸ்டர்' என்ற பெயரைப் பார்த்து எல்லாம் உள்ளே இருக்கிறது என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம்.

சோப்பு நுரையை எண்ணிய அபர்தீன் பேராசிரியர்

தண்ணீரின் கடினத்தன்மையை முதன்முதலில் முறையாக அளந்தது எதை வைத்துத் தெரியுமா? சோப்பை வைத்து! தாமஸ் கிளார்க் என்ற வேதியியல் பேராசிரியர், தண்ணீரைச் சுண்ணாம்பு சேர்த்து மென்மையாக்கும் முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றவர். அளந்து வைத்த தண்ணீரில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றி, குலுக்கி, நுரை கலையாமல் நிற்க எவ்வளவு சோப்பு செலவானது என்று பார்க்கும் முறையும் அவருடையதுதான். அவர் பாடம் சொன்ன ஊர் ஸ்காட்லாந்தின் அபர்தீன். போர்ட் பிளேரில் டெஸ்ட் கிட் கேட்டு நீங்கள் அலையும் கடைவீதியின் பெயரும் அபர்தீன் பஜார்!

நூறு ஆண்டு கழித்து, 1940களில், சூரிச்சில் கெரால்ட் ஷ்வார்ஸன்பாக் என்ற வேதியியலாளர் சோப்பை ஓரங்கட்டினார். ஈ.டி.டி.ஏ. என்ற மூலக்கூறு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கப்பென்று கவ்விக்கொள்ளும். எத்தனை சொட்டில் எல்லாம் கவ்வப்பட்டு நிறம் மாறுகிறது என்று எண்ணினால் போதும். இன்று உங்கள் ஜி.எச். புட்டிக்குள் இருப்பது அந்த வழிமுறைதான். இன்னொன்று தெரியுமா? செடிக்கு நீங்கள் ஊற்றும் இரும்பு உரத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல உரங்களில் இரும்பைக் கரைசலிலேயே பிடித்து வைத்திருப்பதும் இதே ஈ.டி.டி.ஏ.தான்! ஒரே மூலக்கூறு, சோதிக்கும் புட்டியிலும் சோறு போடும் புட்டியிலும்!

சோதனையைக் கையோடு செய்து பார்ப்போம். கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர். கே.எச். புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்த்து ஒரு சொட்டு. சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறிவிடும், கணக்கே தப்பிவிடும். மூடிக் குலுக்குங்கள். தண்ணீர் வெளிர் நீலம். இரண்டாவது சொட்டு, நீலம். மூன்றாவது, இன்னும் நீலம். நாலாவது சொட்டு விழுந்து குலுக்கியதும், கண் எதிரிலேயே நீலம் போய் மஞ்சள்! அவ்வளவுதான், நிறுத்துங்கள். நாலு சொட்டு, 4 டிகிரி கே.எச். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். நிற அட்டையோடு ஒப்பிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வேலையே இல்லை! ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக்கூட இந்த நீலம்-மஞ்சள் தாவல் பளிச்சென்று தெரியும். எல்லா கிட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கவில்லை.

மழைத்தண்ணீரை மட்டுமே ஊற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். முதல் சொட்டிலேயே மஞ்சள் வந்தால் தாங்குசக்தி காலி என்று பொருள். தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் 1 மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜனை முடிக்க 7 மில்லிகிராமுக்கும் மேல் காரத்தன்மையைத் தின்கின்றன! கே.எச். தீர்ந்தால் பி.எச். தடதடவென்று சரியும், சரிந்தால் அந்தப் பாக்டீரியாக்களே சோர்ந்து நிற்கும். இதற்கு மருந்து உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஆப்பசோடா! 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி கே.எச். ஏறும். ஒரே நாளில் கொட்டிவிடாமல் பிரித்துப் போடுங்கள்.

'கடற்கரையில் பவளத் துண்டு கிடக்கிறதே, அதை எடுத்துப் போட்டால் கே.எச். தானாக ஏறுமே' என்று சிலர் சொல்வார்கள். ஏறும், உண்மைதான். ஆனால் 2001 முதல் கல்பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, தெரியுமா? புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு! செத்த துண்டாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. தொட்டிக்கு வைக்கும் சாதாரணக் கல்லையும் சோதித்து வையுங்கள். கல்லில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு, தொட்டித் தண்ணீரை அது மாற்றிக்கொண்டே இருக்கும்.

பி.எச். பிறந்தது பீர் ஆலையில்!

ஆம், நிஜமாகவே! டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகம். 1909இல் அங்கே சோரன் சோரன்சன் என்பவர் அமிலத்தன்மையை ஒரு சின்ன எண்ணால் குறிக்க வழி கண்டுபிடித்தார். அதுதான் பி.எச். அந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. 7க்கும் 6க்கும் 'ஒன்றுதானே வித்தியாசம்' என்று விட்டுவிடாதீர்கள்!

மின்னணு பி.எச். மீட்டர் யாருக்காகப் பிறந்தது தெரியுமா? எலுமிச்சம்பழத்துக்காக! 1934இல் கலிஃபோர்னியாவில் பழ உற்பத்தியாளர் சங்கத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த நண்பர், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியவில்லை என்று ஆர்னால்ட் பெக்மனிடம் வந்து நின்றார். சாற்றில் சேர்த்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸ் நிறத்தையே வெளுக்க வைத்துவிட்டது. பெக்மன் செய்து கொடுத்த கருவிதான் இன்று நாம் பேனா அளவில் வாங்கும் மீட்டருக்கு மூதாதை. அந்தப் பேனா மீட்டரை வாங்குகிறவர்கள் கூடவே அளவைக் கரைசலும் வாங்க வேண்டும். முனை காய்ந்துவிட்டால் அது சொல்வதெல்லாம் பொய்.

டி.டி.எஸ். பேனா? கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அது கால்சியமா, கடல் உப்பா, நீங்கள் போட்ட உரமா என்று அதற்குத் தெரியாது. கடலோரக் கிணறு வைத்திருப்பவருக்கு உதவும், மற்றவர்களுக்கு அவசரமில்லை.

காற்றில் தாவி வந்து நிறம் மாற்றும் வாயு

செடித்தொட்டிக்காரர்களின் தனிச் சொத்து ஒன்று உண்டு. ட்ராப் செக்கர்! சின்னக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் நீல நிறத் திரவம், தொட்டிக்குள் கவிழ்த்து ஒட்டியிருக்கும். தொட்டித் தண்ணீரும் உள்ளிருக்கும் திரவமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, தெரியுமா? நடுவில் ஒரு காற்று இடைவெளி. தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு மட்டும் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் உள்ளே கரைகிறது. நீலமாகவே இருந்தால் செடிக்கு வாயு போதவில்லை. பச்சை வந்தால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், செடி கொண்டாடும் அளவு. மஞ்சள் வந்தால் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும் ஆபத்து! நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரமாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பி.எச்.சையும் கே.எச்.சையும் வைத்து அட்டவணை பார்த்தே இந்த வாயுவின் அளவைக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். கணக்கு சரிதான்: கே.எச். 4, பி.எச். 6.6 என்றால் 30 மில்லிகிராம் வருகிறது. ஆனால் தொட்டியில் மரக்கட்டை போட்டிருக்கிறீர்கள், அதிலிருந்து வேறு அமிலங்கள் ஊறுகின்றன, கணக்கு கவிழ்ந்துவிடும். குமிழுக்குள் இருப்பது தொட்டித் தண்ணீர் அல்ல, சரியாக 4 டிகிரி கே.எச். உள்ள தனிக் கரைசல். அதனால் கட்டையாலும் இலைச்சருகாலும் அதை ஏமாற்ற முடியாது. இவ்வளவு மலிவான, இவ்வளவு புத்திசாலியான கருவி வேறு உண்டா?

பூஜ்ஜியம் வந்தால் பயப்படுங்கள்!

மீன் மட்டும் வளர்ப்பவர் நைட்ரேட் பூஜ்ஜியம் என்றால் துள்ளிக் குதிப்பார். செடி வளர்ப்பவர் அதே பூஜ்ஜியத்தைக் கண்டால் கவலைப்பட வேண்டும். அது செடிக்குச் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்ற சேதி! லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கட்டும் என்றுதான் அனுபவசாலிகள் விட்டுவைப்பார்கள்.

ஆனால் அந்த பூஜ்ஜியம் நிஜப் பூஜ்ஜியமா? இங்கேதான் இருக்கிறது கிட் உலகின் பெரிய ரகசியம். நைட்ரேட்டை நேராக நிறமாக்குவது கடினம். அதனால் முதலில் அதை நைட்ரைட்டாக மாற்றி, பிறகு நிறம் வரவைக்கிறார்கள். மாற்றுவதற்குப் பல கிட்களின் இரண்டாம் புட்டியில் இருப்பது நுண்ணிய துத்தநாகப் பொடி. அது கரையாது, புட்டியின் அடியில் போய்க் கெட்டியாகப் படிந்துவிடும்! மூன்று நாள் கப்பலில் சென்னையிலிருந்து 1200 கிலோமீட்டர் ஆடி வந்த புட்டியானாலும், கடை அலமாரியில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற புட்டிதானே உங்கள் கைக்கு வருகிறது? அப்படியே சொட்டு விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும், மஞ்சள்தான் வரும், 'நைட்ரேட் இல்லை' என்று நம்பி ஏமாறுவோம். புட்டியை மேசை விளிம்பில் தட்டுங்கள். பிறகு 30 விநாடி கைவலிக்கக் குலுக்குங்கள். பத்துச் சொட்டு விட்டதும் குழாயை முழுதாக ஒரு நிமிடம் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் ஆற அமரக் காத்திருங்கள். மஞ்சள் மெல்ல ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாவதைப் பாருங்கள்! ட்யூப்லைட்டில் பார்க்காமல் வாசலில் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். 40க்கும் 80க்கும் இடையே சிவப்பு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகமென்றால் தொட்டித் தண்ணீரோடு சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

இன்னொரு அதிசயம்! குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. அமெரிக்காவிலோ வரம்பு வெறும் 10! நாம் நாலு மடங்கு மோசமா? இல்லவே இல்லை. அவர்கள் நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜனை மட்டும் எண்ணுகிறார்கள், நாம் முழு நைட்ரேட்டையும் எண்ணுகிறோம். 4.43ஆல் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. உங்கள் கிட் எதை எண்ணுகிறது என்று தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹன்னா போன்ற டிஜிட்டல் கருவிகளில் சில, நைட்ரஜனாகத்தான் எண் காட்டும்.

ஆறு பேரைச் சிறைக்கு அனுப்பிய சோதனை

நைட்ரைட் கிட்டில் ஊதா நிறம் வருகிறதே, அந்த வேதியியலும் பீர் ஆலைக்காரர் ஒருவருடையது என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தின் பர்ட்டன் நகர பீர் ஆலையில் வேதியியலாளராக இருந்த பீட்டர் கிரீஸ், 1879இல் வெளியிட்ட சோதனை அது. இன்று மருத்துவமனையில் சிறுநீரில் கிருமித் தொற்று பார்க்கும் ஸ்ட்ரிப்பில் நைட்ரைட்டுக்கான கட்டம் இருக்கிறதல்லவா? அதுவும் இதே கிரீஸ் சோதனைதான்!

இதே சோதனைக்கு ஒரு கண்ணீர்க் கதையும் உண்டு. 1974 நவம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். பிடிபட்ட அயர்லாந்துக்காரர்களின் கைகளைத் துடைத்து எடுத்து கிரீஸ் சோதனை செய்தபோது சிலரிடம் நிறம் வந்தது. வெடிமருந்தைத் தொட்ட கைகள் என்று தடயவியல் நிபுணர் சாட்சி சொன்னார். ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை. சீட்டுக்கட்டின் மேல்பூச்சு போன்ற சாதாரணப் பொருள்களைத் தொட்டாலும் அந்த நிறம் வரும் என்பது பிறகு நிரூபணமானது. அவர்கள் அன்று ரயிலில் சீட்டு விளையாடிக்கொண்டு வந்தவர்கள்! 1991 மார்ச்சில் விடுதலையானபோது 16 ஆண்டுகள் ஓடிப்போயிருந்தன.

ஒரு நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது எத்தனை ஆபத்து! தொட்டி விஷயத்தில் யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆனால் மீன்கள் சாகும். குளோரின் நீக்கும் மருந்து போட்ட தண்ணீரில் சில வகை அம்மோனியா கிட், முக்கியமாக நெஸ்லர் வகை, இல்லாத அம்மோனியாவைக் காட்டும். எண் அதிர்ச்சியாக வந்தால் முதலில் குழாய்த் தண்ணீரையும் டிஸ்டில்டு வாட்டரையும் அதே கிட்டில் சோதியுங்கள். டிஸ்டில்டு வாட்டரிலும் அம்மோனியா காட்டினால் குற்றவாளி தொட்டியல்ல, கிட்.

மீன்தொட்டியில் கிடைத்த புது உயிர்!

அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்குவது ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது இன்னொரு பாக்டீரியா. 1890களிலிருந்து பாடப்புத்தகம் இதைத்தான் சொன்னது. 2005இல் என்ன ஆயிற்று தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஒரு தொட்டியின் சரளைக்கல்லிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறு இனத்து நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அம்மோனியாவைத் தின்றது! நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர் வைத்தார்கள். கடலெங்கும் அதன் சுற்றம் நிறைந்திருப்பது பிறகு தெரிந்தது. 2015இல் அடுத்த அதிர்ச்சி. இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா தனியாளாய்ச் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்த இடங்களில் ஒன்று மீன் பண்ணையின் ஃபில்டர்!

அம்மோனியா கிட் உங்களுக்கு எப்போது தேவை? புதுத் தொட்டியின் ஆரம்ப வாரங்களில். அதுவும் ஆக்வா சாயில் வகை மண் போட்டிருந்தால் கட்டாயம் தேவை, அந்த மண்ணே அம்மோனியா கக்கும். கிட் காட்டும் எண்ணை பி.எச்.சோடு சேர்த்துப் படியுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால், கிட் காட்டுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் மீனைக் கொல்லும் வடிவம். மிச்சமெல்லாம் செடி விரும்பித் தின்னும் அம்மோனியம். பி.எச். 8 ஆனால் அதே எண்ணில் கொல்லும் பங்கு பத்து மடங்கு! தீவின் வெப்பத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். மழைத்தண்ணீர் ஊற்றிப் பி.எச். தாழ்ந்து கிடந்த பழைய தொட்டியில், திடீரென்று கடினமான கிணற்றுத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு மாற்றினால் மறுநாள் மீன்கள் மிதப்பது இதனால்தான். புதுத் தண்ணீர் கெட்டதல்ல. அது பழைய அம்மோனியத்தை விஷமாக்கிவிட்டது.

ஸ்ட்ரிப்பா, சொட்டா?

நனைத்து எடுத்தால் ஒரு நிமிடத்தில் ஆறு பதில் தரும் ஸ்ட்ரிப் ஆசை காட்டும். ஆனால் அந்தமானின் ஈரக்காற்று ஸ்ட்ரிப்பின் பரம எதிரி. டப்பாவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போய் அந்த வண்ணக் கட்டங்களைக் கெடுக்கிறது. ஈரக் கையோடு எடுத்தால் மொத்த டப்பாவும் போச்சு. இங்கே சொட்டு கிட்தான் நிற்கும் என்பது என் தீர்மானமான கருத்து. அதையும் வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலிருந்தோ இணையத்திலிருந்தோ வாங்கி, துறைமுகக் கிடங்கில் வெந்து, கப்பல் ஏறி வந்த கிட் உண்மை பேசுகிறதா? வீட்டிலேயே அதற்கு ஒரு தேர்வு வைக்கலாம், தெரியுமா! 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1.2 கிராம் ஆப்பசோடாவைக் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி டிஸ்டில்டு வாட்டரோடு சேருங்கள். கிடைப்பது கச்சிதமாக 4 டிகிரி கே.எச். கரைசல்! கிட் நாலு சொட்டில் மஞ்சளானால் பாஸ். ட்ராப் செக்கருக்குள் ஊற்ற வேண்டியதும் இதே கரைசல்தான், நிறக்காட்டி சில சொட்டு சேர்த்தால் போதும். நைட்ரேட் கிட்டுக்கும் தேர்வு உண்டு. உரக்கடையில் 13:00:45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட்டை 1.63 கிராம் எடுத்து 1 லிட்டரில் கரைத்தால் 1000 மில்லிகிராம். அதில் 20 மில்லியை 1 லிட்டராக்கினால் 20 மில்லிகிராம். கிட் ஆரஞ்சு காட்ட வேண்டும். மஞ்சள் காட்டினால் குலுக்கியது போதவில்லை, அல்லது புட்டி செத்துவிட்டது. நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இத்தனையும் செய்துவிடலாம்!

சோதனையே வேண்டாம் என்றவர்

டாம் பார் என்ற அமெரிக்கர் பரப்பிய முறை ஒன்று உலகப் புகழ் பெற்றது. உரத்தைத் தாராளமாகப் போடு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்று, டெஸ்ட் கிட்டே தேவையில்லை. செடி செழிக்கும், மறுக்கவில்லை. ஆனால் 3000 மில்லிமீட்டர் மழை பெய்தும், மழை நின்ற மாதங்களில் போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் நாள்விட்டு நாள் வந்த கோடைகள் உண்டு. குடிக்கக் குடம் பிடித்து வைக்கும் வீட்டில் வாரம் 50 லிட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்ட மனம் வருமா? நைட்ரேட் 15, கே.எச். 4 என்று கண்ணால் பார்த்துவிட்டால் அந்த வாரம் தண்ணீர் மாற்றாமலே விடலாம். தீவில் டெஸ்ட் கிட் தண்ணீரை மிச்சப்படுத்தும் கருவி!

மாற்றிய தண்ணீரையும் வெட்டிய செடியையும் ஓடையில் கொட்டாதீர்கள். வீட்டுத் தென்னைக்கோ குரோட்டன்ஸுக்கோ ஊற்றுங்கள், செடிக்கழிவை வெயிலில் காயவிடுங்கள். தீவில் நுழைந்த அயல் உயிர் என்ன செய்யும் தெரியுமா? மெயின்லேண்டின் பெரிய தவளை இனமான இந்தியக் காளைத்தவளை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தமானுக்குள் வந்தது. மீன்குஞ்சு மூட்டைகளோடு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இன்று அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. பார்க்ளயா வளரும் ஓடைக்கு நம் தொட்டியிலிருந்து எதுவும் போகக் கூடாது. அந்த ஓடையிலிருந்து நம் தொட்டிக்கும் எதையும் பிடுங்கி வரக் கூடாது, நாற்றங்காலில் வளர்த்த செடியை வாங்குங்கள்.

சரி, எதை வாங்குவது?

ஒரே ஒரு கிட்டுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் கே.எச்.-ஜி.எச். சொட்டு கிட். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. தொட்டிக்கு கார்பன் டை ஆக்சைடு கொடுக்கிறவர் அடுத்து ட்ராப் செக்கர் வாங்குங்கள். புதுத் தொட்டி என்றால் அம்மோனியா கிட், நெஸ்லர் வகை வேண்டாம், பச்சை நிறம் காட்டும் சாலிசிலேட் வகையாகப் பாருங்கள். தொட்டி நிலைத்த பிறகு நைட்ரேட். பாஸ்பேட் கிட் பாசித் தொல்லை விடாமல் துரத்தினால் மட்டும். இரும்பு கிட் வேண்டவே வேண்டாம்; உரத்தில் பிணைந்திருக்கும் இரும்பைப் பல கிட்கள் ஒழுங்காகப் பிடிப்பதில்லை, புது இலை வெளுக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

கடையில் காசு கொடுக்கும் முன் காலாவதித் தேதியைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் திறந்த தேதியை ஒவ்வொரு புட்டியிலும் மார்க்கரால் எழுதுங்கள். சோதித்த குழாய்த் திரவத்தைத் தொட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் புட்டிகளை வையுங்கள். சிலவற்றில் இருப்பது நிஜ அமிலம். முதல் சோதனையைத் தொட்டியில் செய்யாமல் உங்கள் வீட்டுக் குழாயில், கிணற்றில், கூரைத் தண்ணீரில் செய்து மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது அந்தத் தாள் உங்களுக்கு வேண்டியிருக்கும்.